அணிலிடம் கொடுத்த கடைவாய்ப்பல்

மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒரு பல்லைத் தவிர. எந்தப் பல் என்று உனக்குத் தெரியும். உன் மகள் தர்ஷியின் கீழ்த்தாடையில், வலது பக்கத்தில், கடைசியாக நிற்கிற பல். போன ஞாயிற்றுக்கிழமை அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுததை வீடியோவில் பார்த்தாய். பார்த்த கையோடு கட்டாரிலிருந்தே தீர்ப்பும் சொன்னாய். "பால் பல்லுதானேப்பா, புடுங்கிப் போடுங்க. நம்ம குடும்பத்துக்கு அந்த எடத்துல மறுபடி மொளைக்காது. மொளைக்காட்டி என்னா, எனக்கு என்னா கொறஞ்சு போச்சு? நீங்களே எடுத்துடுங்க, எனக்கு எடுத்த மாதிரி." சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய். அந்த 'எனக்கு எடுத்த மாதிரி' மட்டும் போகவில்லை. மீன் முள்ளைப் போலத் தொண்டையில் நிற்கிறது. சோற்று உருண்டையை விழுங்கிப் பார்த்தேன், வாழைப்பழத்தை விழுங்கிப் பார்த்தேன், இறங்குவதாக இல்லை.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்துக் கூப்பிடுவதற்குள் நான் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டால் உன் மனைவி சொல்லிவிடுவாள். அவள் கொடுத்த தவணை அது. அந்த விஷயத்தைக் கேட்ட பிறகு, 'பிள்ளையின் பல்லைப் பிடுங்க வேண்டாம்' என்று நீ சொல்வாய் என்று நம்புகிறேன். நீ சொன்னால்தான் அந்தப் பல் தப்பும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். என்னைத் தெரியாதா உனக்கு? போனில் ஆரம்பித்தால் நடுவில் ஒரு பகிடி விடுவேன், நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், விஷயம் சிரிப்போடு சிரிப்பாகக் கரைந்துபோகும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் மனைவி அனுப்புவாள். அவளும் படிப்பாள் என்பதால் அவள் வைக்கிற ரசத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லும் வராது.

காலையில் உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன், எழுந்தேன். ரயில் வருகிறதா என்று பார்த்தேன். நான் எங்கேயும் போகவில்லை, எனக்கு எதற்கு ரயில்? திரும்ப உட்கார்ந்தேன். தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்று போய் இறுக்கினேன். அது சொட்டவே இல்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த நாற்காலியில என்னா முள்ளா இருக்கு? வேலைக்கு லீவு போட்டுட்டு வீட்டுக்குள்ளேயே பெரட்டு நடத்துறீங்களே" என்றாள். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பேர் போடுகிற பெரட்டில்கூட ஓர் ஒழுங்கு இருக்கும். என் நடையில் அது இல்லை.

நான் பதுளையில் ஒரு பல் கிளினிக்கின் பின் அறையில் பல் செட் செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். அந்த வேலை ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்பது தெரியாது. எனக்கு இப்போது முகம் பார்த்து ஆள் தெரிவதில்லை, சிரித்தால்தான் தெரிகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட, நான் எதிரில் இருக்கிறவருடைய தாடையைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். யார் வாயில் இருப்பது சொந்தப் பல், யார் வாயில் இருப்பது என்னுடைய கைவேலை என்பது இந்த வட்டாரத்தில் கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும். தொழில் தர்மம், பெயர் சொல்லக் கூடாது. பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன்: பொய்யே பேசாதவர் என்று நம் கோயிலில் பெயரெடுத்த ஒருவர், அத்தனை உண்மையையும் நான் செய்த பொய்ப்பல்லை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். சரி, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் முதன்முதலில் தனியாகச் செய்த செட் ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளைக்கு. மேல் வரிசையில் நடுவில் நிற்கிற இரண்டு வெட்டுப்பல் இருக்கிறதே, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில்லை. ஒவ்வொன்றுக்கும் உள் மூலை, அதாவது மூக்குக்கு நேரே பக்கத்துப் பல்லோடு தோள் சேர்கிற மூலை, கூர்மையாக நேராக இருக்கும். வெளி மூலை கொஞ்சம் மழுங்கி உருண்டிருக்கும். அதை வைத்துத்தான் இடம் வலம் சொல்வது. நான் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டேன். கணக்கப்பிள்ளை செட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்கிறார். அவர் மனைவி கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அவரு இல்லைங்க, டவுனுக்குப் போயிருக்காரு" என்றிருக்கிறாள். இதில் பாதி நான் சேர்த்தது. மறுநாள் டாக்டர் அந்தச் செட்டை என் முன்னால் வைத்து, "இது யாருடைய வாய்?" என்று கேட்டது மட்டும் அசல். அன்றிலிருந்து ஒவ்வொரு பல்லையும் மெழுகில் செதுக்கிப் பழகினேன். நீ பள்ளிக்கூடப் பாடம் எழுதுகிற மேசையில், உன் பக்கத்திலேயே உட்கார்ந்து செதுக்குவேன். மெழுகுச் சீவலை நீ சோப்புத் தூள் என்று சொல்லிக் கையில் தேய்ப்பாய்.

முழு வாய்க்கு முப்பத்திரண்டு. நாலாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு எட்டு. முன்னால் உளி மாதிரி இரண்டு வெட்டுப்பல்; முளைத்த புதிதில் அவற்றின் விளிம்பில் மூன்று சின்னப் பல்முனை இருக்கும், ரம்பம் மாதிரி. கடித்துக் கடித்து அது தேய்ந்துவிடும். மேலே, அந்த இரண்டாவது வெட்டுப்பல் ஒரு தறுதலை. சிலருக்குக் குச்சி மாதிரி வரும், சிலருக்கு வரவே வராது. அடுத்தது மூலையில் நிற்கிற கோரைப்பல். அது கங்காணி மாதிரி. எல்லாப் பல்லையும்விட நீளமான வேர் அதற்குத்தான், மற்றவர்கள் எல்லோரும் போன பிறகும் தனியாக நின்று அதிகாரம் பண்ணும். அதற்குப் பின்னால் இரண்டு முனை வைத்த சின்னக் கடைவாய்ப்பல் இரண்டு. வெளிமுனை உயரம், உள்முனை தாழ்வு. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் மாதிரி. (மருமகளே, இந்த இடத்தைப் படம் பிடிக்கும்போது கை நடுங்கிவிட்டது என்று சொல்லிவிடு.) கடைசியில் பெரிய கடைவாய்ப்பற்கள். மேலே இருப்பவை மூன்று வேரில் முக்காலி மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே இருப்பவை இரண்டு வேரில், சரிவில் கால் அகட்டி நின்று கொழுந்து பறிக்கிற மனுஷி மாதிரி நிற்கும்.

நான் சொல்ல வந்தது அந்தக் கீழ்க் கடைவாய்ப்பற்களில் முதலாவதைப் பற்றி. தர்ஷிக்கு இப்போது வலிக்கிறதும் அதுதான். மேலேயிருந்து பார்த்தால் ஐந்து மேடு, வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் இரண்டு, நடுவில் ஓடைகள். நம் வீட்டுக்குப் பின்னால் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பது மாதிரியே இருக்கும். அந்த ஓடைகளில்தான் இனிப்பு தங்கும், சொத்தையும் அங்கேதான் தொடங்கும். இந்தப் பல்லுக்கு ஒரு குணம் உண்டு. மற்ற நிலைப்பற்கள் பலதும் தோட்டத்து வரிசை வீடுகளில் பழைய ஆள் காலி பண்ணின லயக் காம்பராவுக்குக் குடிவருகிறவை. பால் பல் விழும், அந்த இடத்தில் வரும், ஊருக்கே தெரியும். இது ஆறு வயதில், வரிசையின் கடைசியில், யாரும் காலி செய்யாத வெறும் நிலத்தில் சத்தமில்லாமல் வீடு கட்டிக்கொண்டு வந்துவிடும். எதுவும் விழாததால் எதுவும் முளைத்ததாக யாரும் நினைப்பதில்லை. அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சொத்தை விழுந்தால், 'போனால் போகட்டும், மறுபடி முளைக்கும்' என்று பிடுங்கிப் போடுவார்கள். அது மறுபடி முளைக்காது. அதற்குப் பின்னால் வரிசையில் யாருமே நிற்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும், மகனே. தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடலாம் என்று இரண்டு தாள் கிழித்தேன். தெரியும். மெழுகில் தெரியும். உன் வாயில் தெரியவில்லை.

உனக்கு எட்டு வயது. அப்போது நாம் ஹாலிஎலைக்கு மேலே தோட்டத்து லயத்தில் இருந்தோம். வேலை நாளில் கொழுந்து பறிக்கிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராப் படிக்கட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் டாக்டர். பட்டம் கிடையாது, அனுமதி கிடையாது, வெட்கமும் கிடையாது. கிளினிக்கில் கழித்துப் போட்ட ஒரு கொறடு, டாக்டருக்குத் தெரியாமல் கொண்டுவந்த மரப்பு ஊசி, ஒரு சுத்தமான துவாய்த் துண்டு. இவ்வளவுதான் ஆஸ்பத்திரி. பல்லுக்காக டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்று ஆட்கள் என்னிடம் வந்தார்கள். கை பட்டால் பூ என்றார்கள். அந்தப் பேச்சுக்காகவே நான் பிடுங்கினேன் என்று இப்போது தெரிகிறது. வாரம் முழுவதும் பின் அறையில் யாருடைய கண்ணிலும் படாமல் மெழுகோடு மாரடிக்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தால் தலை நிற்குமா?

நீ இரண்டு நாளாக வலி என்று அழுதாய். உன்னைப் படிக்கட்டில் உட்கார வைத்தேன். உன் அம்மா ஓடிவந்து, "இந்தாங்க, கொஞ்சம் நில்லுங்க. அந்த எடத்துல இவனுக்குப் பல்லு விழவே இல்லையே. இது புதுசா வந்த பல்லா இருக்கப் போவுது" என்றாள்.

"பல்லச் செதுக்குறவன் நானா, நீயா?" என்றேன். காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "பாருங்கடி, வீட்டுக்குள்ளேயே இன்னொரு டாக்டரு" என்று ஒருத்தி சொன்னாள். உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை எழுதத்தான் இப்போது கை வரவில்லை.

பால் பல்லின் வேரை, அடியில் வருகிற புதுப்பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால் அது பழுத்த பழம் மாதிரி கையோடு வரும். உன் பல் வரவில்லை. அசைத்தேன், பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் அசைத்தேன். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். ஆனால் பார்க்க ஆள் இருந்ததே. வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து மேடு. வெளியே மூன்று, உள்ளே இரண்டு. இரண்டு வேர், முன்வேர் அகலமாகத் தட்டையாக. வேர் நுனிகள் இன்னும் மூடாமல், வெட்டின மூங்கில் மாதிரி திறந்திருந்தன. வளர்ந்து முடிய அதற்கு இன்னும் காலம் இருந்தது. அந்த வாரம்தான் அதே பல்லை மெழுகில் செதுக்கி மேசையில் வைத்திருந்தேன். நெரிசலில் எவனோ என்று நினைத்து ஒருவனை அடித்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் சொந்தத் தம்பி என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கையை மூடிக்கொண்டேன்.

நீ அழவில்லை. வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு, "ப்பா, பல்லு குழுங்க" என்றாய். கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கொடுத்தேன். நீ முற்றத்தில் நின்று, அணிலைக் கூப்பிட்டு, பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரச் சொல்லி, லயத்துக் கூரைமேல் எறிந்தாய். தகரத்தில் அது விழுந்து உருண்ட சத்தம் எனக்கு மட்டும் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் போய், மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற பீலித் தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு யாருக்கும் பல் பிடுங்கவில்லை. டாக்டர் ஏசுகிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். கொறடை எங்கே போட்டேன் என்று கேட்காதே. அந்த லயத்து வேலிப் பக்கம் யாராவது கிழங்கு போடத் தோண்டினால் கிடைக்கும்.

அதற்குப் பிறகு நீ காத்திருந்தாய். அதுதான் கொடுமை. காலையில் எழுந்ததும் என் முன்னால் வந்து வாயைத் திறப்பாய். "வந்திருச்சா பாருங்கப்பா." நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன், எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாமல். அணிலெல்லாம் வேலைநிறுத்தம் செய்கிறது, சங்கத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த வாரமும் கேட்டாய். உனக்கு நல்ல பல் தர மனமில்லாத அந்த அணிலைச் சமாதானப்படுத்த, ஒரு பிஸ்கட் துண்டைக் கூரை விளிம்பில் வைத்தாய். காகம் தின்றது. மறுநாளும் வைத்தாய். எத்தனை நாள் வைத்தாய் என்பது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்தவர்கள் உனக்கு ஒரு பல் குறைகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "அது நம்ம பரம்பரைடா, நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பல்லு வராது. என் தாத்தாவுக்கும் இல்ல" என்றேன். முப்பத்திரண்டு பல்லோடு கரும்பு கடித்துக்கொண்டே செத்துப்போன மனுஷன் அவர். அவர் வாயில் ஒரு ஓட்டையைப் போட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். ராஜ வம்சம் மாதிரி, 'எங்க குடும்பத்துக்கு முப்பத்தோரு பல்லு' என்று கூட்டாளிகளிடம் பெருமை அடித்தாய். அந்தப் பொய் பதினெட்டு வருஷம் வளர்ந்து, கல்யாணம் கட்டி, கடல் கடந்து போய், போன ஞாயிறு போனில் திரும்பி வந்து, 'நம்ம குடும்பத்துக்கு மொளைக்காது' என்று என் பேத்தியின் பல்லைக் கேட்கிறது.

'எனக்கு என்னா கொறஞ்சு போச்சு' என்று நீ கேட்டாயே, சொல்கிறேன். அந்த ஓட்டையைப் பார்த்து உன் பின்பல் முன்னால் சாய்ந்துவிட்டது. மேலே அதற்கு நேராக இருக்கிற பல்லுக்குக் கடிக்க ஆள் இல்லாததால் அது கீழே இறங்கிவிட்டது. நீ இருபத்திரண்டு வருஷமாக இடது பக்கத்தாலேயே மெல்லுகிறாய். உனக்குத் தெரியாது, பழகிவிட்டது. எனக்குத் தெரியும். சாப்பாட்டில் நான் நடுவில் எழுந்து எழுந்து தண்ணீர் எடுக்கப் போவேனே, 'அப்பாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது' என்று நீங்களெல்லாம் கேலி பண்ணுவீர்களே, அது இருப்புக் கொள்ளாமல் இல்லை. உனக்கு எதிரில் உட்கார்ந்து நீ மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான்.

திங்கட்கிழமை நீ சொன்னதைக் கேட்காமல் பிள்ளையை எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். உன் மனைவியும் வந்தாள். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தை ஆழம்தான், ஆனால் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கலாம் என்றார். சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருக்கிறார். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். வலி அடங்கினால் நிரந்தரமாக அடைத்துவிடலாம், வேரும் வளர்ந்து முடியும். அடங்காவிட்டால் வேர் வைத்தியத்துக்குக் கண்டிக்குப் பல தடவை அலைய வேண்டி வரும். "பிடுங்குறது கடைசி வழி" என்றார்.

அப்போது உன் மனைவி, பாவம், நியாயமாகத்தான் கேட்டாள். "இவ்வளவு அலைஞ்சு என்னா டாக்டர் பிரயோசனம்? இவங்க குடும்பத்துக்கே அந்தப் பல்லு நிக்காது. எங்க வீட்டுக்காரருக்கு மொளைக்கவே இல்ல. பரம்பரையாம்."

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியா? கீழ் முதலாம் கடைவாய்ப்பல் பிறவியிலேயே இல்லாமப் போறது ரொம்ப அபூர்வமாச்சே. நீங்க பல்லுத் தெரிஞ்ச ஆளு, நீங்க சொல்லுங்க."

தர்ஷி நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். அவளும் கண்ணை உருட்டி என்னைத்தான் பார்த்தாள். ஒரு பகிடி வாய்வரை வந்தது. அது நல்ல பகிடியும்கூட. விழுங்கிவிட்டேன். "இல்ல டாக்டர். அவனுக்கு மொளைச்சிச்சு. எட்டு வயசுல நான்தான் புடுங்கினேன். அதுக்கு அப்புறம் பரம்பரைன்னு சொல்லி வச்சிட்டேன்" என்றேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

பஸ்ஸில் உன் மனைவி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலிஎலையில் இறங்கி வீட்டுக்கு ஏறுகிற படியில் நின்றுதான் சொன்னாள். "இவ வயித்துல இருக்கையில அவரு என்னா கேட்டாரு தெரியுமா மாமா? 'நம்ம புள்ளைக்காவது பல்லு முழுசா வருமாடி'ன்னு கேட்டாரு. வெள்ளிக்கிழம போன் எடுப்பாரு. அதுக்குள்ள நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" நான் எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. ஆனா அவரு புடுங்கச் சொல்லியிருக்காரு. அவரு வாயால வேணாம்னு சொன்னாத்தான் நான் இந்த ரெண்டு வாரம் பொறுப்பேன். புள்ள அழுவுறதக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது." அவள் பேரில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. நீ சொன்ன சொல்லை மாற்ற அவளுக்கு மனமில்லை. என் சொல்லை நம்பவும் இனி அவளுக்குக் காரணமில்லை.

வீட்டுக்குள் வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பல்லு பீலித் தண்ணி ஓடுற கானுல வந்து கெடந்திச்சு. மறுநாளே எடுத்துப் பாத்தேன். எவ்வளவு நீளம் வேரு! பால் பல்லாம் பால் பல்லு" என்றாள்.

"தெரிஞ்சே ஏன் கேக்கல?"

"நானா செதுக்குறேன்?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு வரியைத் தேய்த்துத் தேய்த்துக் கூர் பண்ணி வைத்திருந்திருக்கிறாள். உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதியில்லாதவன். என்றாலும் வயது ஐம்பத்து நாலாகிவிட்டதால் ஒன்று சொல்கிறேன். உன் மனைவி உன்னை நிறுத்து என்று சொல்லும்போது பக்கத்தில் நாலு பேர் சிரிக்கக் காத்திருந்தால், முதலில் அந்த நாலு பேரை அனுப்பிவிட்டுப் பிறகு யோசி. நீ தூரத்தில் இருக்கிறாய், பிள்ளை அழுவது போனில் தெரிகிறது, ஏதாவது ஒன்றை உடனே செய்து அதை நிறுத்த வேண்டும் என்று உனக்குப் பதறுகிறது. எனக்கும் அப்படித்தான் பதறியது, அதுவும் உண்மை. எல்லாம் படிக்கட்டுப் பெருமை மட்டும் இல்லை. நீ இரண்டு நாள் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாமல் செய்கிற வேலையைக் கொஞ்சம் ஆறப்போட வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆள் இருந்தாள். நான் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் அதிலும் ஒரு பகிடி உட்கார்ந்திருந்தது. கிழித்துவிட்டேன். நேரில் வரும்போது கேட்கிறேன். நீ ஏசுவதை அப்போது முழுதாக ஏசு, நான் தண்ணீர் எடுக்க எழுந்து போக மாட்டேன். உன் வாயிலும் செய்வதற்கு இன்னும் வழி இருக்கிறது, சாய்ந்த பல்லை நிமிர்த்தலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். அதைப் பிறகு பார்ப்போம். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடாதே. நேராக உன் மனைவியைக் கூப்பிட்டு, 'புடுங்க வேணாம், பொறுப்போம்' என்று சொல். கண்டிக்கு அலைய வேண்டி வந்தால் நான் அலைகிறேன். எனக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தர்ஷி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாருக்கு எழுதுறீங்க தாத்தா?"

"உங்க அப்பாவுக்கு."

"என் பல்லப் பத்தியா?"

"ஆமா."

"வலிக்குதுன்னு எழுதாதீங்க. அப்பா அங்க தனியா இருக்காரு, அழுவாரு. வலிக்கலன்னு எழுதுங்க."

சரி என்று தலையாட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள் என்பதால், அவள் போகும்வரை தாளைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

வலிக்கிறது, மகனே. ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு இல்லை, ஆனால் வலிக்கிறது. சூடாக எதையும் குடிக்க மாட்டேன் என்கிறாள். உள்ளது இதுதான். இதைத் தெரிந்துகொண்டே வேண்டாம் என்று சொல்.

அப்பா